கடன் கொப்பியும் கணினியின் ஞாபகமும்



சென்ற மாதம் என் ராத்தாவின் இரண்டு காப்புகள் ஹட்டனில் ஓர் அடகுக் கடையின் படி வரை போய், படியேறாமல் திரும்பி வந்தன. அந்தக் கதையை எழுதலாமா என்று ராத்தாவிடமே கேட்டேன். "பேரைப் போடாம எழுது" என்றார். அதனால் இந்த மாதம் அடுப்பங்கரையையும் தையல் மெஷினையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கணினியின் பக்கம் போவோம். பயப்பட வேண்டாம். கடன் கொப்பி வைத்திருக்கும் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமே இல்லை.

கொட்டகலையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் ஏ7 வீதியில், இரு பக்கமும் தேயிலை மலை நிற்க, நடுவே நீண்டு கிடக்கும் கடைத்தெருதான் எங்கள் ஊர். அதில் எங்கள் நானா ஒரு சிறிய கடை நடத்துகிறார். போட்டோ கொப்பி, டைப்பிங், போன் ரீலோட், அடையாள அட்டைப் படம், இணையம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிப் பிள்ளைகள் ஒப்படைகளை அச்சடிக்க வருவார்கள். தோட்டத்துப் பெற்றோர் பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி வருவார்கள். கல்லாவில் ஒரு கணினி, உள்ளே நான்கு கணினி. கல்லாக் கணினி வழியாகத்தான் மற்ற நான்குக்கும் இணையம் போகிறது.

மாதத்துக்கு 100 ஜிபி டேட்டா வாங்குகிறார் நானா. அது 30 நாள் ஓட வேண்டும். சில மாதங்களாக 20ஆம் தேதியே முடிந்துவிடுகிறது. மிச்சம் பத்து நாளைக்கு மேலதிகமாகக் காசு கட்ட வேண்டும்; கட்டினால் அந்த மாத இலாபம் அதிலேயே போய்விடும். யார் இதைத் தின்கிறார்கள்? நானாவின் சந்தேகம் முழுவதும் கடையில் வேலைக்கு நிற்கும் பையன் மேல் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. உம்மா கொழுந்து பறிக்கிறவர். "பகல் சாப்பாட்டு நேரம் போனைத்தான் பார்க்கிறான், கொம்பியூட்டரிலயும் படம் பார்ப்பான், வேற யாரு? மாசக் கடைசியோட நிற்பாட்டப் போறேன்" என்றார் நானா.

ராத்தாவின் மகள் கண்டியில் கணினி வலையமைப்புப் பாடம் படிக்கிறாள். விடுமுறையில் வந்திருந்தவள் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, சந்தேகத்துல நிற்பாட்டாதீங்க. எந்தக் கொம்பியூட்டர் எவ்வளவு எடுக்குதுண்டு நான் அளந்து காட்டுறேன்" என்றாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு கல்லாக் கணினியில் வயர்ஷார்க் என்ற மென்பொருளை ஓடவிட்டாள்.

லுஹர் வரை நன்றாக ஓடியது. அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம் கல்லாக் கணினி அப்படியே உறைந்துபோனது. எலியை அசைத்தால் அம்பு அசையவில்லை. அது உறைந்ததும் உள்ளே இருந்த நான்குக்கும் இணையம் நின்றது. வாசலில் ஒப்படைக்கு அச்செடுக்க வந்த பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேறு வழியில்லாமல் மின்சாரத்தை நிறுத்திப் போட்டார். காலையிலிருந்து சேர்த்த கணக்கைத் திறந்து பார்க்க வழியில்லை. திறந்தால் மறுபடியும் உறைந்தது.

கணினி திருத்துகிற ஒருவரிடம் கேட்டோம். "ரேம் பத்தாது, மெஷினும் பழசு, புதுசாப் போடுங்க" என்று ஒரு விலை சொன்னார். மகள் ஆரம்பித்து வைத்த வேலையால் தம்பிக்கு நட்டம் வந்துவிட்டதே என்று ராத்தாவுக்கு மனம் பொறுக்கவில்லை. காப்புகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினார். நானும் துணைக்குப் போனேன். அடகுக் கடைப் படியில் நிற்கும்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது: "உம்மா, வேணாம், திரும்பி வாங்க. பிழை மெஷின்ல இல்ல. நான் கேட்ட கேள்விதான் பெரிசு."

அந்தப் பிள்ளை அன்றிரவு எங்களை உட்கார வைத்துச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இணையத்தில் போகிற எதுவும் முழுசாகப் போவதில்லை. ஒரு படம், ஒரு கடிதம், ஒரு பாட்டு, எல்லாமே சிறு சிறு பொதிகளாக நறுக்கப்பட்டுத்தான் போகும். ஒவ்வொரு பொதிக்கும் தபால் உறை போல ஒரு மேற்பக்கம் உண்டு: யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு எடை. பொதி ஒன்றின் அளவு கூடினால் ஆயிரத்து ஐந்நூறு பைட் வரை இருக்கும். வலையமைப்பை ஆராயும் மென்பொருள், வாசலில் நிற்கும் கணக்கப்பிள்ளை போல, போகிற வருகிற பொதியை எல்லாம் பார்த்து எழுதிக்கொள்கிறது.

இந்த வேலைக்கென்று 1980களின் கடைசியிலேயே அமெரிக்காவில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்தில் டிசிபிடம்ப் என்றொரு சிறிய மென்பொருளை எழுதினார்கள். பொதி வந்தால் ஒரு வரி எழுதிவிட்டு அதை மறந்துவிடும். அதனால் அதற்கு நினைவகம் அதிகம் தேவைப்படவில்லை. 1998இல் கான்சாஸ் நகரில் ஜெரால்ட் கோம்ப்ஸ் என்பவர் ஈதரியல் என்ற ஒன்றை இலவசமாக வெளியிட்டார். படம் போல விரித்துக் காட்டும், தேடித் தரும், பொதிகளைக் கோத்து முழுக் கதையாகச் சொல்லும். 2006இல் அவர் வேலை மாறியபோது அந்தப் பெயரின் உரிமை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து புதுப் பெயர் வைத்தார், அதுதான் வயர்ஷார்க். இன்று உலகம் முழுக்க மாணவர்கள் இதில்தான் படிக்கிறார்கள். நல்ல கருவி. எங்கள் பிள்ளைக்கும் அதன் மேல் குறையில்லை.

பிறகு ஏன் நினைவகம் நிறைந்தது?

முதலில் நினைவகம் என்றால் என்ன என்று பார்ப்போம். கடை மேசை ஒன்று, பின்னால் சாமான் அறை ஒன்று. மேசையில் இருப்பதைக் கை நீட்டி எடுக்கலாம்; இடம் குறைவு. பின்னறையில் இடம் தாராளம், போய்வர நேரமாகும். கணினியில் ரேம் என்பது மேசை, வன்தட்டு என்பது பின்னறை. மேசை நிறைந்துவிட்டால் கணினி சாமான்களைப் பின்னறைக்குத் தூக்கிப் போடவும், திரும்பத் தேவைப்பட்டால் எடுத்து வரவும் ஆரம்பிக்கும். கடைக்காரர் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார், வியாபாரம் நடக்காது. நாம் "உறைந்துபோச்சு" என்று சொல்கிறோமே, பல நேரம் நடப்பது இந்த நடைதான்.

வயர்ஷார்க் பொதிகளைக் கோப்பாக எழுதிப் பின்னறையில்தான் போடுகிறது. ஆனால் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு குறிப்பை மேசையில் வைத்துக்கொள்ளும். இது எத்தனையாவது, எப்போது வந்தது, எந்தப் பேச்சுவார்த்தையைச் சேர்ந்தது, இதற்கு முன் வந்த துண்டு எது, பின் வர வேண்டிய துண்டு எது. நீங்கள் எந்த வரியைத் தொட்டாலும் உடனே கதை சொல்ல வேண்டுமல்லவா? அதற்காக எதையும் மறக்காது. நீங்களாகக் கோப்பை மூடும் வரை ஞாபகம் கூடிக்கொண்டே போகும்.

எங்கள் வாப்பாவின் சில்லறைக் கடையில் கடன் கொப்பி இருந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், தொகை. மாதக் கடைசியில் கூட்டி, காசு வாங்கி, கோடு போட்டு முடிப்பார். இருநூறு வீட்டுக்கு இருநூறு பக்கம். ஒரு கொப்பி போதும். இப்போது நினைத்துப் பாருங்கள்: வாப்பா தொகையை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு அரிசி மணிக்கும் ஒரு வரி எழுதியிருந்தால்? ஒருவர் கணக்கையும் முடிக்காமல், பக்கத்தைக் கிழிக்காமல், எல்லாக் கொப்பியையும் மேசை மேலேயே அடுக்கியிருந்தால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஜிபி 20 நாளில் முடிகிறது என்றால் நாளுக்கு 5 ஜிபி. ஒரு பொதி சராசரி ஆயிரம் பைட் என்று வைத்தால் நாளுக்கு 50 இலட்சம் பொதிகள். ஒவ்வொன்றுக்கும் அரை கிலோபைட் குறிப்பு என்று வைத்துக்கொண்டாலும் இரண்டரை ஜிபி ஆகிறது. கல்லாக் கணினியின் மேசையே மொத்தம் 4 ஜிபி. அதில் விண்டோஸ் பாதியை விரித்துக்கொண்டிருக்கிறது. அஸர் வரை தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்! நாங்கள் இருப்பது மலையூர், இணையம் மெல்லத்தான் வரும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் முழுசாக ஓடும் இணைப்பில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும். அங்கே எவ்வளவு ரேம் போட்டாலும் கொஞ்ச நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். "எட்டு ஜிபி போட்டிருந்தா அஸருக்குப் பதிலா மறுநாள் லுஹருக்கு உறைஞ்சிருக்கும் சாச்சி" என்றாள் பிள்ளை சிரித்துக்கொண்டு.

இன்னொரு தொல்லையும் உண்டு. பொதிகளை விட்டுவிட்டு ஆள் கணக்கு மட்டும் வைப்போம் என்றாலும், ஆட்கள் யார் என்பதைப் பொறுத்துக் கொப்பி வீங்கும். வாப்பாவின் கடைக்கு எதிரே பஸ் நிற்கும். சிவனொளிபாத மலைக்குப் போகிற காலத்தில் ஒரு தேத்தண்ணீரோ ஒரு தீப்பெட்டியோ வாங்கிப் போகும் சனம் ஏராளம். அவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் திறந்தால், ஊர்க்காரர் கணக்கை எழுத இடமிருக்காது.

வலையமைப்பில் இப்படித்தான் நடக்கும். 2003ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி ஸ்லாமர் என்றொரு கணினிப் புழு கிளம்பியது. ஒவ்வொரு எட்டரை விநாடிக்கும் இரட்டிப்பானது. பத்து நிமிடத்துக்குள் தொற்றக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைத் தொற்றிவிட்டது. மொத்தம் 75,000க்குக் குறையாது. அந்தப் புழு 404 பைட் கொண்ட ஒரே ஒரு பொதிதான். தொற்றிய கணினி கண்ட முகவரிக்கெல்லாம் அதை வீசிக்கொண்டே இருக்கும். ஒரே கணினி விநாடிக்கு 26,000 வரை வீசியதைக் கண்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் திறக்கும் மென்பொருள் ஒன்று அந்த வாசலில் நின்றிருந்தால் நிமிடத்துக்குப் பதினைந்து இலட்சம் புதுப் பக்கம் திறக்க வேண்டியிருக்கும். யார் கெடுதல் செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக நிறுத்திய காவலாளி, கெடுதல் நடக்கும் அந்த நேரத்திலேயே மயங்கி விழுந்துவிடுவான்.

பெரிய இடங்களிலும் இந்த அனுபவம் உண்டு. வேர்ன் பெக்ஸன் என்பவர் 1995இல் பெர்க்லி ஆய்வுகூடத்தில் ப்ரோ என்ற காவல் மென்பொருளை எழுதத் தொடங்கினார். 2018இல் அதற்கு ஸீக் என்று பெயர் மாற்றினார்கள். அவரும் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்களும் சேர்ந்து 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நெரிசலான பல்கலைக்கழக வலையமைப்புகளில் அதை ஓடவிட்டபோது நினைவகம் நிறைந்து நின்றுபோன கதை அது. பாதியில் அறுந்த பேச்சுவார்த்தைகள், பதிலே வராத அழைப்புகள், எல்லாவற்றையும் "இன்னும் முடியவில்லை" என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவர்கள் செய்த முக்கியமான வைத்தியம், மறப்பதற்குத் தவணை வைத்ததுதான். இத்தனை நேரம் ஓசையில்லை என்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு என்று கட்டளை போட்டார்கள்.

இணையப் பாதைகளில் நிற்கும் சிஸ்கோ ரவுட்டர்களிலும் இப்படியொரு கணக்கு உண்டு. 1990களின் நடுவிலிருந்து வருகிறது. வழக்கமான அமைப்பில், 15 விநாடி பேச்சில்லை என்றால் அந்தக் கணக்கைக் கூட்டி அனுப்பிவிட்டு அழித்துவிடும். பேச்சு நீண்டுகொண்டே போனாலும் 30 நிமிடத்தில் ஒரு முறை கூட்டி முடிக்கும். வாப்பா மாதக் கடைசியில் கோடு போட்டது போலத்தான். இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் லூக்கா டெரி 1998இல் தொடங்கிய என்டொப் என்ற மென்பொருளின் இன்றைய வடிவத்திலும், இத்தனை பெயருக்கு மேல் வைக்காதே என்று உச்ச எல்லை போடலாம்.

இதிலே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். எல்லா நினைவக வீக்கமும் ஒரே நோய் இல்லை. சில மென்பொருள்களில் எழுதியவர் கவனக்குறைவால், பயன்படுத்தி முடித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். அது ஓட்டைக் குடம். எழுதியவர்தான் அடைக்க வேண்டும். புதிய பதிப்பைப் போட்டால் சரியாகலாம். மற்றது, செய்யச் சொன்ன வேலைக்காகவே சேர்த்து வைப்பது. இரண்டையும் பிரித்தறிய எங்கள் பிள்ளை ஒரு வழி சொன்னாள். புதுப் பொதி எதுவும் வராமல் நிறுத்திவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருளின் நினைவக எண்ணைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். வேலையில்லாத நேரத்திலும் எண் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை என்று சந்தேகிக்கலாம். எண் நின்றுவிட்டால், நாம் கொடுத்த வேலைதான் பெரிது. எங்கள் கடையில் எண் நின்றது.

சரி, பிறகு என்ன செய்தாள்? வயர்ஷார்க்கோடு கூடவே டம்ப்கெப் என்ற சிறு கருவி வரும். பொதியை வாங்கிக் கோப்பில் எழுதுவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது; எதையும் விளங்கிக்கொள்ள முயலாது; அதனால் மேசையில் ஒன்றும் சேராது. அதை ஓடவிட்டு இரண்டு கட்டளை கொடுத்தாள். ஒன்று, மணிக்கு ஒரு கோப்பு; மணி முடிந்தால் மூடிவிட்டுப் புதுக் கோப்பு தொடங்கு. மற்றது, ஒவ்வொரு பொதியிலும் முதல் 96 பைட்டை மட்டும் எழுது, மிச்சத்தை விடு. அதாவது உறையின் மேற்பக்கம் போதும், உள்ளே இருக்கும் கடிதம் வேண்டாம். உள்ளடக்கத்தை வெட்டினாலும் பொதியின் முழு எடை எவ்வளவு என்பது குறிப்பில் பதிந்துவிடும்; கணக்கில் ஒரு பைட்டும் குறையாது. நாளுக்கு 5 ஜிபி என்பது அரை ஜிபியை ஒட்டி வந்து நின்றது. இரவில் வீட்டில் தன் மடிக்கணினியில் ஒவ்வொரு மணிக் கோப்பாகத் திறப்பாள், எந்தக் கணினி எவ்வளவு என்ற தொகையைக் கொப்பியில் எழுதுவாள், மூடுவாள், அடுத்ததைத் திறப்பாள். மூடினால் மேசை காலியாகிவிடும்.

உறையை மட்டும் எழுதியதில் எனக்கு இன்னொரு நிம்மதி. கடைக்கு வருகிறவர்கள் நம்பித்தான் அந்தக் கணினியில் உட்காருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவருக்குக் கடிதம், பிள்ளையின் பரீட்சை முடிவு, வங்கிக் கணக்கு. அது நம் கையில் இருக்கும் அமானிதம். இப்போது பெரும்பாலான தளங்கள் உள்ளடக்கத்தைப் பூட்டித்தான் அனுப்புகின்றன. என்றாலும் பூட்டாமல் போவதும் உண்டு. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில், உரிமையில்லாமல் பிறருடைய தகவல் போக்குவரத்தை இடைமறிப்பது குற்றம். மகன் படிக்கிறான், மகள் படிக்கிறாள் என்று இந்தக் கருவிகளை அயல்வீட்டு வைஃபையில் ஓடவிட இடங்கொடுக்காதீர்கள். பிள்ளை நானாவிடம் சொல்லி, கடைச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டவைத்தாள்: இணையத்தின் அளவு கணக்கெடுக்கப்படுகிறது, உள்ளடக்கம் பார்க்கப்படுவதில்லை. ஒட்டிய பிறகுதான் மறுபடியும் ஆரம்பித்தாள்.

அந்த வார இரவுகளில் அவள் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கோடிக்கணக்கான ஆட்கள் போகும் பாதையில் ஆளுக்கொரு பக்கமும் வைக்க முடியாது, தவணை வைத்து மறக்கவும் மனமில்லை என்றால் என்ன செய்வது? கிரஹாம் கோர்மோட் என்பவரும் முத்துகிருஷ்ணன் என்பவரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். 2005இல் ஆய்விதழில் வெளிவந்தது. மேசையில் நான்கு தட்டு, தட்டுக்கு நூறு போத்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்தால் அவர் பெயரை வைத்து ஒரு கணக்குப் போட்டு, தட்டுக்கு ஒரு போத்தல் தேர்ந்து, அந்த நான்கிலும் ஒவ்வொரு பயறு போடுவீர்கள். பெயரை எங்கும் எழுத மாட்டீர்கள். அதே போத்தலில் வேறு ஆட்களின் பயறும் விழும்தான். ஆனால் நான்கு தட்டிலும் கூட்டு ஒரே மாதிரி அமையாது. ஒருவர் எத்தனை முறை வந்தார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய நான்கு போத்தலையும் எண்ணி, மிகக் குறைவானதை எடுப்பீர்கள். அது உண்மையை விடக் கூடலாம், ஒருபோதும் குறையாது. ஆள் எத்தனை கோடி வந்தாலும் போத்தல் நானூறுதான்.

எத்தனை வெவ்வேறு ஆட்கள் வந்தார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் இன்னும் சிக்கனம். பிரான்சின் பிலிப் பிளாஜோலேயும் அவரது நண்பர்களும் 2007இல் வெளியிட்ட முறையில், ஒன்றரை கிலோபைட் நினைவகத்தில் நூறு கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையையும் ஏறக்குறைய இரண்டு சதவீதப் பிழையோடு சொல்லிவிடலாம். ஒன்றரை கிலோபைட் என்பது இந்தப் பத்தியின் தமிழ் எழுத்துகளைச் சேமிக்கத் தேவையானதை விடச் சற்றே கூடுதல்தான்!

"அப்ப நானாவின் கடையிலயும் போத்தல் வைக்கிறதுதானே?" என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். "அது கூடச் சொல்லும் சாச்சி. மற்றவர் போட்ட பயறு இவன் போத்தல்ல விழுந்து, அதை வச்சு இவன் வேலை போனா?" ஐந்து கணினிக்குத் துல்லியமான தொகை ஒரு கொப்பிப் பக்கத்திலேயே அடங்கும்போது மதிப்பீடு எதற்கு என்பது அவள் கேள்வி. எனக்கும் சரியென்றே பட்டது. ஒரு ஆளின் சோற்றில் கை வைக்கிற கணக்கென்றால் துல்லியமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆறு நாள் கணக்கெடுத்தாள். மொத்தம் 30 ஜிபி. கொப்பியை நானாவின் முன்னால் வைத்தாள். அதில் 14 ஜிபி கல்லாக் கணினியே எடுத்தது. நானாவின் மகளின் கல்யாண வீடியோக்களை யாரோ அந்தக் கணினியில் போட்டு, அந்தக் கோப்புறையை இணையச் சேமிப்போடு இணைத்து வைத்திருந்தார்கள். பெரிய கோப்பு ஏறி முடியுமுன் கடை பூட்டிக் கணினியை அணைத்துவிடுவார். மறுநாள் முதலிலிருந்து ஏறும். இப்படியே எத்தனை மாதமோ! 8 ஜிபி விண்டோஸ் புதுப்பிப்புக்குப் போயிருந்தது. ஐந்து கணினியும் ஒரே பொருளைத் தனித்தனியாக இறக்கிக்கொண்டிருந்தன. ஆறரை வாடிக்கையாளர்கள். பையன் பகல் சாப்பாட்டு நேரம் உண்மையிலேயே பார்த்தான்தான், கிரிக்கெட். ஆறு நாளைக்கும் சேர்த்து ஒன்றரை ஜிபி.

நானா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாரோ இல்ல, அந்த வீடியோவை நான்தான் போட்டேன்" என்றார்.

விண்டோஸில் இணைப்பு அமைப்புக்குள் போய், அளவிட்ட இணைப்பு என்ற பொத்தானை ஐந்து கணினியிலும் போட்டுவிட்டாள் பிள்ளை. அதைப் போட்டால் பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்காது. பாதுகாப்புக்கு அவை அவசியம் என்பதால் ஞாயிறு இரவில் ஒவ்வொன்றாகத் திறந்து இறக்குவதாக ஏற்பாடு. கல்யாண வீடியோ ஒரு பென் டிரைவில் அலுமாரிக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டு போனிலும் படங்கள் தாமாக இணையத்துக்கு ஏறுகின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். டேட்டா எங்கே போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல வீடுகளில் காரணம் அங்கேதான் இருக்கும்.

ரேம் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான்கு ஜிபி கணினியில் இரண்டு மூன்று வேலை சேர்த்துச் செய்தாலே இப்போது மூச்சு வாங்குகிறது. நானாவும் பெருநாளைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார். பிள்ளைகள் "ரேம் பத்தாது" என்று வந்தால், என்ன வேலை ஓடும்போது நிறைகிறது, அந்த வேலையைத் துண்டாக்கிப் பார்த்தாயா என்று மட்டும் முதலில் கேளுங்கள். அதன் பிறகும் நிறைந்தால் வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளை விடுமுறை முடிந்து கண்டிக்குத் திரும்பிவிட்டாள். போகுமுன், தொகை எடுப்பது எப்படி என்று கடைப் பையனுக்குக் காட்டிக் கொடுத்தாள். இப்போது வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆவுக்குப் போகும் நேரத்தில் அவன் உட்கார்ந்து, ஐந்து கணினிக்கும் ஐந்து வரி, ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறான். தன் கிரிக்கெட்டுக்கும் ஆறாவதாக ஒரு வரி போட்டிருக்கிறான்.